உரைகாரர் குளக்கரைக்குப் போன கதை

பழைய நூல்களுக்கு உரை எழுதியவர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இரண்டே அடிப் பாட்டுக்கு முதலில் பதவுரை, பிறகு பொழிப்புரை, அதன்மேல் விளக்கவுரை, அதுவும் போதாதென்று கடைசியில் ஒரு சிறப்புக் குறிப்பு என்று நாலு பக்கம் எழுதித் தள்ளுவார்கள். அந்த இனம் அழிந்துவிட்டது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள், வாசகரே. ஏட்டை விட்டு இறங்கி வீடுகளுக்குள் குடியேறிவிட்டது, அவ்வளவுதான். இப்போது அது பாட்டுக்கு உரை சொல்வதில்லை. பால் பொங்கினால் சொல்கிறது. மின்விசிறி கிறீச்சிட்டால் சொல்கிறது. மழைக்கு மட்டும் மூன்று தடவை: வருவதற்கு முன்னால் ஒன்று, பெய்யும்போது ஒன்று, நின்றபிறகு ஏன் நின்றது என்று ஒன்று.

உரைகாரரை அடையாளம் கண்டுகொள்ள அதிகம் சிரமப்பட வேண்டாம். சாதாரண மனிதர்கள் ஒன்றைச் சொல்லி, அது கேட்டவருக்குப் புரியவில்லை என்றால், "அதாவது..." என்று இழுத்து மறுபடி சொல்வார்கள். உரைகாரரோ எடுத்த எடுப்பிலேயே "அதாவது" என்பார். புரியாமல் போவதற்கு ஒரு வாய்ப்புக்கூடக் கொடுக்க மாட்டார். பேருந்து நிறுத்தத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். நிறுத்தம் முதலில் எங்கே இருந்தது, ஏன் இடம் மாற்றினார்கள், மாற்றியது ஏன் தப்பு, தான் அப்போதே சொன்னதை ஏன் யாரும் கேட்கவில்லை என்பதெல்லாம் வரிசையாக வரும். அதற்குள் பேருந்து போய்விடும். பேருந்து ஏன் போய்விட்டது என்பதற்கும் அவரிடம் விளக்கம் உண்டு.

கெட்டவரா என்றால், சத்தியமாக இல்லை. தங்கமான மனிதர். தனக்குத் தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரியாத வள்ளல். வாங்குகிறவர்களுக்குத்தான் கை வலிக்கிறது.

நம்முடைய உரைகாரர் தொழிலில் லிப்ட் பரிசோதகர். இந்தத் தொழிலை அவருக்கு யார் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். நான்கடிக்கு நான்கடி இரும்புப் பெட்டி, மூடிய கதவு, உள்ளே கட்டடத்துக்காரர்கள் இரண்டு பேர். ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி, கயிறு, கப்பி, தடை, மணி என்று ஒன்றுவிடாமல் உரை சொல்லிக்கொண்டே மேலே போவார். ஏழாவது மாடியில் வெளியே வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தால் லிப்ட் அறுந்து விழுந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும்.

அவருடைய மனைவி ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறார். நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்க வைப்பது அந்த அம்மாளின் வேலை. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வாயை மூட வைக்க முடியவில்லை.

இவர்களுக்கு எட்டு வயதில் ஒரு மகள். அவளிடமிருந்துதான் நம் கதை தொடங்குகிறது. போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியை மதிப்பெண் அட்டையைப் புரட்டிவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"நல்லாப் படிக்கிறா. எழுத்தும் அழகு. ஆனா வருஷம் ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு கேள்விகூடக் கேட்டதில்ல. மத்த பிள்ளைங்க என்னைப் பிச்சுப் பிடுங்குவாங்க. இவ சும்மா உக்காந்திருப்பா. வீட்டுல எப்படி?"

உரைகாரருக்குத் தலையில் இடி விழுந்தது. கேள்வியே கேட்காத பிள்ளையா? அதுவும் அவருடைய வீட்டிலா? கேள்வி கேட்காமலேயே பதில் கிடைக்கிற வீடாயிற்றே! வழியெல்லாம் மனைவியிடம் புலம்பிக்கொண்டு வந்தார்.

"அதாவது, வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? நான் அவளுக்கு எவ்வளவு சொல்லித் தர்றேன்! காலையில பல் தேய்க்கும்போது பற்பசையில என்ன இருக்குன்னுகூடச் சொன்னேனே!"

"ஆமாங்க, வாயில நுரையோட நின்னு கேட்டுச்சு பாவம்," என்றார் மனைவி.

கிண்டலாகச் சொன்னாலும் அந்த அம்மாளுக்கும் உள்ளுக்குள் கவலைதான். ஐந்து வயதில் இதே குழந்தை, நிலா ஏன் கூடவே வருகிறது, எறும்புக்குத் தூக்கம் வருமா என்று கேட்டுத் துளைத்தவள். அது எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. உரைகாரர் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. மகள் தன்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும், ஒன்றே ஒன்று. அதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தார், பேசாமல் இருப்பதைத் தவிர.

வழியைக் காட்டியது மனைவிதான். ஊருக்கு வெளியே, குளமும் காடுமாக இருக்கிற வெளிக்களக் கல்வி மையத்தில் குடும்பங்களுக்கென்று ஒரு நாள் நடக்கிறது, பிள்ளைகளோடு போய் மண்ணையும் தண்ணீரையும் தொட்டுப் பார்க்கலாம் என்று மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார். உரைகாரர் துள்ளிக் குதித்தார். குழந்தை புதுப்புதுப் பொருளாகப் பார்க்கும், ஆச்சரியப்படும், அப்பாவிடம் திரும்பிக் கேட்கும். கேட்கும்போது பதில் தயாராக இருக்க வேண்டாமா? ஒரு வாரம் உட்கார்ந்து படித்தார். குளத்துப் பூச்சிகள், மரப்பட்டைகள், மேகவகைகள் என்று பதினெட்டுப் பக்கம் குறிப்பெடுத்து, நனைந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு பக்கத்துக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, வளையத்தில் கோத்து இடுப்பில் மாட்டிக்கொண்டார். நடந்தால் சலசலவென்று சத்தம் கேட்டது.

மையம் என்பது ஒரு நீண்ட தகரக் கூரை அறை. வாசலில் அளவு வாரியாக அடுக்கிய ரப்பர் காலணிகள், சுவரில் ஆணி வரிசை, ஆணிக்கு ஆணி சேறு காய்ந்த மழைக்கோட்டு. ஆறு குடும்பங்கள் வந்திருந்தன. பொறுப்பாளர் ஐம்பது வயதுப் பெண்மணி, முப்பது வருடமாக அங்கேயே இருப்பவர். வெயிலில் வெளுத்த தொப்பியும் முழங்கால்வரை காலணியுமாக இருந்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்த ஐந்து நிமிடத்தில் "தொப்பியம்மா" ஆக்கிவிட்டார்கள்.

"இன்னைக்கு ஒரே ஒரு வேலைதான்," என்றார் தொப்பியம்மா. "பாருங்க, தொடுங்க, கேளுங்க. பேரு தெரியலைன்னா பரவாயில்ல. அது ஓடிப்போயிடாது."

பேர் தெரியாவிட்டால் பரவாயில்லையா? உரைகாரர் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். இப்படிப்பட்டவரை யார் வேலைக்கு வைத்தார்கள்?

முதலில் குளம். குடும்பத்துக்கு ஒரு கைவலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு பூதக்கண்ணாடி. வலையைத் தண்ணீரில் மெதுவாக இழுத்து, தட்டில் கவிழ்த்து, என்ன நெளிகிறது என்று பார்க்க வேண்டும். மற்றத் தட்டுகளைச் சுற்றி ஒரே கூச்சல். "ஐயோ, இதுக்குக் காலு!", "அம்மா, இது என்னைப் பாக்குது!" நம் குடும்பத்துத் தட்டில் மட்டும் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஏனென்றால் மகள் வலையைத் தூக்கும் முன்பே உரைகாரர் உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடுவார். இருந்துவிட்டால், "பாத்தியா, சொன்னேன்ல?" இல்லாவிட்டால், ஏன் இல்லை என்பதற்கு ஒன்பதாம் பக்கம். மகள் வலையைப் பிடித்தபடி தட்டின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சுவாரசியத்தில் கரையின் விளிம்பைக் கவனிக்காமல் ஓரடி பின்னால் வைக்க, வலது காலணி நிறையத் தண்ணீர் புகுந்தது.

"தவளை தன் வாயால கெடும்," என்றார் மனைவி, துண்டை நீட்டி.

"அதாவது, உண்மையில தவளை கத்துறது எதுக்குன்னா..." என்று ஆரம்பித்தார் உரைகாரர், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு.

அப்போதுதான் மகள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். கரையோர நாணல் தண்டில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சி கவ்விக்கொண்டிருந்தது. அசையவில்லை. அவள் விரலை நீட்டினாள். அவள் கண்கள் அகல விரிவதைப் பார்த்த உரைகாரர் குனிந்து கிட்டே வந்தார். இதோ, கேட்கப் போகிறாள்! வாய் திறக்கிறது! ஆனால் அவருக்குப் பொறுக்கவில்லை.

"செத்த பூச்சிம்மா அது. அதாவது, பூச்சிங்க செத்தா காலு இறுகிடும், அதான் அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்குது. வா, அந்தப் பக்கம் போலாம்."

திறந்த வாய் மூடிக்கொண்டது. மகள் நாணலிலிருந்து அதை மெதுவாக எடுத்து, உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

அடுத்தது காது வேலை. ஆளுக்கொரு அட்டை, ஒரு பென்சில். அட்டையின் நடுவில் ஒரு புள்ளி வைக்க வேண்டும், அது நீங்கள். பிறகு மரத்தடியில் தனித்தனியாக உட்கார்ந்து, எந்தத் திசையிலிருந்து என்ன சத்தம் வருகிறதோ அதைப் புள்ளியைச் சுற்றி அந்தந்தப் பக்கத்தில் குறிக்க வேண்டும். காற்று வந்தால் கோடு போடலாம், பறவைக்குச் சுழி போடலாம், எழுதத் தெரிந்தவர்கள் எழுதலாம். பதினைந்து நிமிடம். யாரும் பேசக் கூடாது.

கவனியுங்கள், பதினைந்து நிமிடம்! கண் சிகிச்சைக்குப் படுத்திருந்தபோதுகூட உரைகாரர் இவ்வளவு நேரம் சும்மா இருந்தவரில்லை. இருந்தாலும் மகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, இருபது அடி தள்ளி ஒரு வேரின்மேல் அமர்ந்தார். கண்ணை மூடினார். ஒரு பறவை கூவியது. அது என்ன பறவை என்று தெரியும். யாரிடமும் சொல்ல முடியாது. மண்டை வெடித்துவிடும்போல் இருந்தது. ஒரு மரங்கொத்தி தட்டியது. நாக்கு நமநமவென்றது. உலகத்தில் இத்தனை சத்தம் இருக்கிறது, ஒன்றுக்கும் உரை கிடையாது என்றால் இது என்ன உலகம்? எப்படியோ நேரத்தை ஓட்டினார். தொப்பியம்மா கையைத் தூக்கியபோது, தான் ஒரு சொல்கூடப் பேசாமல் வென்றுவிட்டதாக அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

எல்லாருடைய அட்டைகளையும் ஒரு கயிற்றில் கவ்விகளால் மாட்டினார்கள். மகளின் அட்டை நேர்த்தியாக இருந்தது. மேலே இலைச் சத்தம், இடப்பக்கம் பறவை, கீழே யாரோ தும்மியது, தொலைவில் ஒரு வண்டி. வலப்பக்கம் மட்டும் சின்னச் சின்ன எழுத்தில் ஒரே சொல், ஒன்றன்கீழ் ஒன்றாக, அட்டையின் விளிம்புவரை இறங்கியிருந்தது. அதாவது. அதாவது. அதாவது. பதினோரு தடவை.

"இது என்ன பறவை?" என்று ஒரு தகப்பனார் குனிந்து பார்த்தார்.

"அது பறவை இல்ல. எங்க அப்பா," என்றாள் மகள். அவள் குரலில் கோபமில்லை, குறையில்லை. காற்று வலப்பக்கம் வீசியது என்பதைப்போல உள்ளதைச் சொன்னாள்.

ஆறு குடும்பமும் சிரித்தது. உரைகாரர் பதறிப்போனார்.

"நானா? நான் வாயே திறக்கலையே!"

"திறந்தீங்க," என்றார் மனைவி. "கால்கிட்ட எறும்பு போச்சுல்ல? அதுக்குச் சொல்லிக்கிட்டிருந்தீங்க. எனக்கே இங்க கேட்டுச்சு."

அவரும் சிரிக்கத்தான் முயன்றார். முடியவில்லை. அந்த அட்டையின் வலப்பக்கத்தை மறுபடி பார்த்தார். அந்தத் திசையில் வேறு சத்தமே இல்லையா? இருந்திருக்கும். குழந்தைக்குக் கேட்டிருக்காது. அதை நினைத்தபோது அவருக்கு நிஜமாகவே வலித்தது. இடுப்பிலிருந்த பதினெட்டுப் பக்கத்தையும் கழற்றிப் பைக்குள் திணித்தார்.

தகரக் கூரை அறையில் எல்லாரும் உட்கார்ந்து கொண்டுவந்ததைச் சாப்பிடத் தொடங்கினார்கள். மகள் சாப்பிடவில்லை. உள்ளங்கையைத் திறந்து, பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து நேராகத் தொப்பியம்மாவிடம் போனாள்.

"இதுக்கு முதுகுல கிழிஞ்சிருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல. உள்ள இருந்தது எங்க போச்சு?"

கேள்வி! முழுசாக ஒரு கேள்வி! உரைகாரர் கையிலிருந்த தண்ணீர்க் குவளை சாய்ந்தது. அதே நொடியில் இன்னொன்றும் அவருக்கு உறைத்தது. அது செத்த பூச்சி இல்லை. தண்ணீருக்குள் வளர்ந்த தட்டான் குஞ்சு, தண்டில் ஏறி, முதுகைப் பிளந்துகொண்டு, இறக்கையோடு பறந்துபோன பிறகு விட்டுச்சென்ற வெறும் தோல். பதினான்காம் பக்கம், இரண்டாவது பத்தி. அவரே தன் கையால் எழுதியது.

தொப்பியம்மா அந்தத் தோலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"தெரியலையே! நீ என்ன நினைக்கிற?"

தெரியலையா? முப்பது வருடம் குளத்தங்கரையில் நின்றவருக்குத் தட்டான் தோல் தெரியாதா? உரைகாரர் அடக்கமுடியாமல் எழுந்தார். "அதா..." என்று வாய் பிளந்த இடைவெளியில், தினமும் நாற்பது வாய்களைக் கையாளுகிற அனுபவத்தோடு, மனைவி அரைப் பன்னை உள்ளே வைத்து அழுத்தினார்.

"மெதுவா மென்னு சாப்பிடுங்க," என்றார் அன்பாக.

பெரிய பன். உலர்ந்த பன். அதை மெல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்பதை உரைகாரர் அன்றுதான் அறிந்தார். அதற்குள் மகள் நான்கு கேள்விகள் கேட்டுவிட்டாள். கிழிசல்ல தொங்குற இந்த வெள்ளை நூல் எதுக்கு? கிழிக்கும்போது வலிக்குமா? தண்ணியில இருந்தது ஏன் மேல ஏறணும்? வெளிய வந்தது இதைவிடப் பெருசா இருந்தா உள்ள எப்படி மடிச்சு வச்சுது? தொப்பியம்மா ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. "அட, ஆமாம்ல!" என்று ஒவ்வொன்றுக்கும் வியந்துகொண்டே இருந்தார். பன்னை மென்றபடி உரைகாரர் விரல்விட்டு எண்ணினார். முதல் கேள்வியோடு சேர்த்து ஐந்து. இத்தனை மாதம் அந்தப் பிள்ளைக்குள் இவ்வளவும் கிடந்திருக்கிறது.

அப்புறம் மகள் திரும்பினாள்.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

இதற்காகத்தானே ஒரு மாதமாகத் தவித்தார்? வாயிலிருந்த கடைசித் துண்டு தொண்டையில் இறங்கியது. மனைவியிடம் இன்னொரு பன் இல்லை. தடுக்க ஆளில்லை. பதினான்காம் பக்கம் எழுத்துப் பிசகாமல் நாக்கின் நுனியில் நின்றது. மகளின் கண்களைப் பார்த்தார். அவை அகன்றிருந்தன. இன்னும் இரண்டு வாக்கியத்தில் அவை பழையபடி தட்டின் ஓரத்துக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்தது.

"நான் செத்த பூச்சின்னு சொன்னேன் பாரு, அது தப்பும்மா," என்றார். "அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். நீ பாத்ததுதான் சரி. மிச்சத்தை... நீயே பாத்துச் சொல்லு."

"அப்ப வாங்க, இன்னொண்ணு இருக்கான்னு தேடலாம்!"

அவள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். பிறகு ஒருமணி நேரம், லிப்ட் பரிசோதகர் சேற்றில் வயிற்றை வைத்துக் குப்புறப் படுத்து, நாணல் தண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மகள் பேசினாள், பேசினாள், நிறுத்தாமல் பேசினாள். பாதி தப்பு. திருத்த வேண்டும் என்று இருபது தடவை வாயெடுத்து, இருபது தடவையும் வாய்க்குள் விரலை வைத்துக் கடித்துக்கொண்டார். மூன்று தோல் கிடைத்தது. நான்காவது தண்டில் ஈர இறக்கையோடு ஒரு தட்டான், தன் பழைய தோலின் பக்கத்திலேயே உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மகள் பேச்சை நிறுத்தினாள். அவரும் பேசவில்லை. அது கிளம்பிப் போகிறவரை இருவரும் அப்படியே கிடந்தார்கள்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? நல்ல கதை கேட்டீர்கள். வீடு திரும்பி அடுக்குமாடி லிப்டில் ஏறியதும், மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் அகப்பட்டார். கதவு மூடியது. "அதாவது, தட்டான் இருக்கு பாருங்க..." என்று தொடங்கியது உரை. மனைவி கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நான் சொல்றேம்ப்பா." உரைகாரர் விட்டுக்கொடுத்தார். மூன்றாம் மாடிக்காரர் ஐந்தாம் மாடிவரை வந்து, இறங்கி நடந்து போனார்.

இதுவரை படித்த உங்களுக்கு இந்நேரம் ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். மாமனாரோ, மேலதிகாரியோ, பக்கத்து வீட்டுக்காரரோ. இதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று துடிப்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் சிரிப்பு எந்த இடத்தில் வரும், அந்தப் பன் எதைக் குறிக்கிறது என்று நடுநடுவே நிறுத்திச் சொல்லாமல் உங்களால் படிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். என்னைக் கேட்டால், நான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். என்னை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் கதை இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை உங்களிடம் கடைசியாக ஒன்று கேட்டது எப்போது?

பாருங்கள், பாருங்கள். பதில் சொல்ல வாயெடுத்துவிட்டீர்கள்.